மறதிநோய்ப் பராமரிப்புப் பிரிவு

மறதிநோய்ப் பராமரிப்புப் பிரிவு என்பது முதியோர் இல்லத்தினுள், டிமென்சியா எனப்படும் மறதிநோய் உடையோருக்கெனத் தனியே அமைக்கப்படும் பகுதி ஆகும். ஆல்சைமர் நோய் இந்நிலைக்கு முதன்மையான காரணமாகும். புதிய இடத்தை நினைவில் கொள்வது இவர்களுக்குக் கடினம். எனவே இடமே இவர்களுக்கு ஏற்ப அமைக்கப்படுகின்றது.

அமைப்பு

அலைந்து திரிதல் இந்நோயில் பரவலாகக் காணப்படுவதால், தொடங்கிய இடத்திற்கே திரும்பும் நடைபாதையும் மதில் சூழ்ந்த முற்றமும் அமைக்கப்படுகின்றன. கழிவறைக் கதவில் படம், கண்கூசாத வெளிச்சம், அடிக்கடி மாறாத பணியாளர் ஆகியனவும் தேவை. கட்டிலில் கட்டிவைத்தல் தவிர்க்கப்படவேண்டும்.

இந்தியாவில்

2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், மாவட்டத்திற்கு ஒன்றேனும் வறிய முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் அமைக்க மாநில அரசுகளுக்கு வழிசெய்கின்றது. ஆயினும் மறதிநோய்ப் பிரிவை அது கட்டாயமாக்கவில்லை. புதுக்கோட்டை போன்ற ஊர்ப்புற மாவட்டங்களில் இப்பொறுப்பைப் பெரும்பாலும் வீட்டாரே சுமக்கின்றனர்.