கால் கடுப்பின் வரலாறு

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கால் கடுக்குது, தோள் இழுக்குது என்று புலம்புபவர் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். ஸ்டாடின் வகை மாத்திரைகள் அவை. அந்த வலியும் அந்த மருந்தும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்.

அகிரா எண்டோ வடஜப்பானின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. டோக்கியோவில் சாங்கியோ நிறுவனத்தில் வேலை. உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்காதா என்று சுமார் 6,000 வகைகளைச் சலித்தார். 1973இல் கிடைத்தது. கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சை அது. அதிலிருந்து வந்த காம்பாக்டின்தான் முதல் ஸ்டாடின்.

1978இல் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் அகிரா யமமோட்டோ அதை 18 வயதுப் பெண் ஒருவருக்குக் கொடுத்தார். கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக ஏறும் பரம்பரை நோய் அவருக்கு. கொலஸ்ட்ரால் இறங்கியது. ஆனால் இரண்டு வாரம் போல ஆனதும் தசைகள் பலமிழந்தன. யமமோட்டோ மருந்தை நிறுத்தினார். உடம்பு தேறியதும் அளவைக் குறைத்து மறுபடி கொடுத்தார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அவர் அந்தத் தசைகள் சொன்னதையும் கேட்டார், மருந்தையும் தூக்கிப் போடவில்லை.

பிறகு இரண்டு பக்கமும் சாட்சிகள் சேர்ந்தன. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் இருந்தார்கள். சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. 2001இல் பேயர் நிறுவனம் செரிவாஸ்டாடினைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாழாக்கி, 50க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் சித்தி, வலி தாங்காமல் மாத்திரையை விட்டார். "எல்லாம் மனசும்மா" என்றார் ஒரு டாக்டர். சித்தி திருப்பிக் கேட்டார்: "படி ஏறுறது மனசா, காலா?"

நியாயமான கேள்வி. 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேரிடம் இதை அளந்தார்கள். நாலு மாதம் ஸ்டாடின், நாலு மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, நாலு மாதம் எதுவுமில்லை, எல்லாம் கலைத்துப்போட்ட வரிசையில். நூற்றுக்குப் போட்ட உபாதை மதிப்பெண்ணின் சராசரி: எதுவுமில்லாதபோது 8, போலி மாத்திரையில் 15.4, ஸ்டாடினில் 16.3.

அப்போ வலி பொய்யா? இல்லை. போலி மாத்திரையிலும் அவர்களுக்கு நிஜமாகவே வலித்தது. கெடுதல் வருமென்ற எதிர்பார்ப்பே உபாதையாவதை நோசிபோ என்கிறார்கள். முடிவைத் தெரிந்துகொண்டபின் பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வலியை யாரும் மறுக்கவில்லை, அளந்து காட்டினார்கள்.

மருந்தே தசையைத் தாக்குவதும் உண்டு, அபூர்வமாக. சிறுநீர் கறுத்துப்போனால், தசை சட்டென்று தளர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி சி.கே. ரத்தப் பரிசோதனை, குறைந்த அளவு, வேறொரு ஸ்டாடின், ஸ்டாடின் அல்லாத மருந்து என்று வழிகள் இருக்கின்றன. டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் அந்த வழி எதுவும் திறக்காது. வலியைக் கேட்க மறுக்கும் டாக்டரும் அதே கதவைத்தான் சாத்துகிறார். 1978இல் ஒசாகாவில் அது திறந்தே இருந்தது.