புரி இல்லாத குழல்

பழைய துப்பாக்கியை விலை பேசுகிறவர்களுக்கு அது முதலில் ஒரு உடம்பு. துரு எவ்வளவு ஏறியிருக்கு, கட்டையில் விரிசல் உண்டா, விசைத்தகட்டில் கிரீட முத்திரை தெரிகிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். கேப்பு உட்காரும் முளையைச் சுற்றிக் குழிகுழியாக அரித்திருந்தால் நிறையச் சுட்ட துப்பாக்கி என்பார்கள். சரிதான். கேப்பு மருந்தில் பாதரச ஃபுல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் கலந்திருந்தால், வெடித்த பிறகு உப்பு தங்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பைத் தின்னும். துடைக்காமல் விட்ட சிப்பாயின் சோம்பல்கூட அங்கே பதிவாகியிருக்கிறது.

குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். உள்ளே வழவழவென்று இருக்கும். புரி தேய்ஞ்சுபோச்சு என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். இந்தியப் படைக்கென்று ஆன 1858 மாதிரி பிரிட்டிஷ் மஸ்கட்டில் அந்த வாசிப்பு தப்பு. புரி தேயவில்லை, கடைந்து எடுத்தார்கள்.

1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் துளை 0.577 அங்குலம், உள்ளே மூன்று புரி. ஏணிபோல் நிமிரும் பின்குறியை ஏற்றி 900 கெஜம்வரை குறிவைக்கலாம். அதுவரை சிப்பாய்கள் வைத்திருந்த புரியில்லாத மஸ்கட்டில் 100 கெஜத்தைத் தாண்டினால் குறி நிச்சயமில்லை. இந்த ரைஃபிளோடு வந்த தோட்டாதான் 1857இல் பிரச்சினையானது. நம் பாடப்புத்தகங்கள் தோட்டாவில் தடவிய கொழுப்போடு நின்றுவிடுகின்றன. மதம் புண்பட்டது என்ற சொல்லாடல் வெள்ளை அதிகாரிகளுக்கும் வசதியாக இருந்தது. கலகத்தை அடக்கியபின் அவர்கள் கை வைத்தது குழலில். 0.656 அங்குலத்துக்குக் கடைந்தார்கள். ஏணிக்குறி இருந்த இடத்தில் அசையாத சின்னக் கட்டை ஒன்றை வைத்தார்கள். கட்டை, பூண், விசை எல்லாம் பழையபடியே. அணிவகுப்பில் வெள்ளைச் சிப்பாய் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் சட்டெனக் கண்ணில் படாது.

அதிகாரம் தன் பயத்தை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் எழுதிவைத்ததாகத் தோன்றவில்லை. பயத்துக்குச் செலவும் இருந்தது: கடைந்ததில் குழல் மெலிந்து வலுவிழந்தது. 1859 மாதிரியில் கனமான குழல் போட வேண்டிவந்தது. பீரங்கியை ஏறக்குறைய முழுசாகவே இந்தியர் கையிலிருந்து பிடுங்கினார்கள். பிறகு வெள்ளையனுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியச் சிப்பாய்க்கு அவன் கழித்த ஸ்னைடர். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

'அசல் நிலை' என்று சேகரிப்பாளர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இந்தத் துப்பாக்கிக்கு எது அசல்? கழிவாக விற்ற என்ஃபீல்டுகள் பலவற்றை வேட்டைக்காரர்களும் கடைந்து சிதறுகுண்டுத் துப்பாக்கியாக்கினார்கள். ஆகவே வாயை மட்டும் அளந்தால் போதாது. துளை 0.65ஐ ஒட்டி நிற்கிறதா, பின்குறி ஏணியா அசையாக் கட்டையா, முத்திரை படைக்கொட்டிலுடையதா, மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு 'தேய்மானம்' என்று எழுதலாமா என்று யோசிக்கட்டும்.