ஊருக்கே ஒரு கைக்கணினி

போன லீவுல டி. கல்லுப்பட்டியில மாமாவோட பழைய கைக்கணினியை வீட்டுக் கம்ப்யூட்டரோட சிங்க் பண்ணப் பார்த்தேன். ம்ஹூம்! மாமா தன் கணக்கை லாக்-ஆஃப் பண்ணாம விட்டிருந்தார். அங்க ஓடிக்கிட்டிருந்த சிங்க் மென்பொருள் போர்ட்டை விடவே இல்லை. அதை மூடினதும் சரியாச்சு.

1996ல பாம் பைலட் வந்தப்போ, ஒரு கருவிக்கு ஒரு சொந்தக்காரர்ங்கிறதுதான் கணக்கு. 2001ல விண்டோஸ் எக்ஸ்பி ஒரே கம்ப்யூட்டர்ல பல பேரை ஒரே நேரத்துல உள்ள விட்டது. இடிக்காம என்ன செய்யும்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் உருவாக்கின சிம்ப்யூட்டர் இதுக்கு நேர் எதிர். கருவி ஊருக்குப் பொது. ஸ்மார்ட் கார்டு மட்டும் ஆளுக்கொண்ணு. சொருகினா உங்க விவரம், உருவிட்டா கருவி அடுத்தவருக்கு. நம்ம ஊருக்கு ஏத்த யோசனை இதுதான்னு எனக்குப் படுது. ஆனா 2004ல அமிடாங்கிற பேர்ல விற்பனைக்கு வந்தப்போ விலையே ஏறக்குறைய 10,000 ரூபாயில ஆரம்பம். செல்போன் விலை இறங்கிக்கிட்டிருந்த நேரம் வேற. பெருசா விற்கலை.

எங்க ஊர்ப் பக்கம் ஒண்ணுகூட நான் கண்டதில்லை. உங்கள்ல யாராவது கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா?