ஒயின் கடையும் ஒரு வாத்துப் படமும்

மும்பை கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு காலா கோடா பக்கம் உள்ள ஃபோர்ப்ஸ் தெரு தெரிந்திருக்கும். யூதர்களின் ஆலயம் இருக்கிறதே, அதே தெருதான். 1884ல் அங்கே 18ஆம் எண்ணில் ஃபிப்சன் என்ற ஆங்கிலேயரின் ஒயின் கடை இருந்தது. அந்தக் கடையின் ஒரு பகுதியில்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் தன் பாட்டில்களையும் தோல்களையும் முட்டைகளையும் வைத்துக்கொண்டிருந்தது.

சங்கம் தொடங்கியது 1883 செப்டம்பரில். தொடங்கியவர்கள் எட்டே பேர். அவர்களில் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்ற இரண்டு இந்திய மருத்துவர்களும் உண்டு. 1886ல் சொந்தமாகப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஸ்டெர்ன்டேல், படம் வரையத் தெரிந்தவர். இன்னொருவர் எய்ட்கன், உப்பு, சுங்க இலாகா அதிகாரி. அதாவது நம்மைப் போல ஆபீஸ் போய் வந்தவர்!

எனக்கு வங்கிக்காரன் புத்தி. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. பெரும்பகுதி உறுப்பினர்களின் சந்தாதான். எழுதியவர்களும் அவர்களே. காட்டிலாகா அதிகாரி, தேயிலைத் தோட்டத்துக்காரர், ராணுவத்தார் என்று பலரும் தாங்கள் பார்த்ததை நாலு வரி எழுதி அனுப்புவார்கள். இன்ன ஊரில், இன்ன தேதியில், இன்ன பறவை. இதழின் கடைசியில் அவை சிறு குறிப்புகளாக வரும்.

செலவு வைத்தது படங்கள். அந்தக் காலக் கல் அச்சில் வண்ணப்படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு கல் வேண்டும். அப்படியும் விடவில்லை. அஸ்ஸாமில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஸ்டூவர்ட் பேக்கர் இந்திய வாத்துகளைப் பற்றி ஒரு தொடர் எழுத, வண்ணப் படங்களோடு வெளியிட்டார்கள். 1908ல் அது புத்தகமாகவும் வந்தது.

அந்த வாத்துகளில் ஒன்றுக்குத் தலையும் கழுத்தும் ரோஜா நிறம், உடம்பு கரும்பழுப்பு. வங்காளம், பீகார் பக்கத்துச் சதுப்புகளில் வாழ்ந்தது. 1950க்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாக உறுதியான சான்று இல்லை. பலமுறை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். இன்று நமக்கு மிஞ்சியவை பதப்படுத்திய சில உடல்கள், சில புகைப்படங்கள், இந்த மாதிரி ஓவியங்கள், பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள். பத்திரிகை ஏன் வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இருக்கும்போது பதிந்து வைத்தால்தான் இழந்தது இன்னதென்றாவது தெரியும்.

இதில் நம்மவர் யாரும் இல்லையா? இருக்கிறார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். யானை, காட்டெருது போன்ற தென்னிந்தியப் பெரிய விலங்குகளைக் காட்டில் அலைந்து ஆராய்ந்து, 1970களில் இதே பத்திரிகையில் தொடராக எழுதினார். கூடவே அவரே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996ல் இறக்கும்வரை இயற்கை பற்றி விடாமல் எழுதியவரும் இவர்தான்.

ஆனால் அந்த ஆய்விதழ் எல்லோரும் படிக்கும் பத்திரிகை அல்ல. லத்தீன் பெயர்களைப் பார்த்ததும் சாதாரண வாசகன் மூடிவிடுவான். அதனால் 1976ல் சங்கமே ‘ஹார்ன்பில்’ என்ற எளிய இதழைத் தொடங்கியது. பெயருக்கு ஒரு கதை உண்டு. 1894 முதல் 1920 வரை சங்கத்தின் அறையிலேயே வில்லியம் என்ற இருவாச்சிப் பறவை வளர்ந்தது. சங்கத்தின் சின்னமும் இருவாச்சிதான். 1981ல் பிட்டு சாகல் மும்பையிலிருந்து ‘சாங்சுவரி’யைக் கொண்டுவந்தார். ரந்தம்போர் புலிக்காட்டு அதிகாரி ஃபதே சிங் ராத்தோர் கொடுத்த தூண்டுதல் அது. 1984ல் குழந்தைகளுக்கென்று ‘கப்’ வந்தது. பளபளப்பான புலிப் படத்துக்காக வாங்கியவர்கள் அணை, சுரங்கம், காட்டழிவு பற்றியும் படித்தார்கள்.

ஆய்விதழ் எழுதிவைத்தது, இவை ஊரைக் கூட்டிச் சொல்லின. இரண்டும் வேண்டும்.

ஆய்விதழின் பழைய தொகுதிகள் இப்போது ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த வாத்துப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். பிறகு, முடிந்தால், ஏதாவது ஓர் இயற்கை இதழுக்கு ஒரு வருடச் சந்தா கட்டுங்கள். 1886லிருந்து இந்த வண்டி அப்படித்தான் ஓடுகிறது.