மலைமுடியில் ஒரு சாட்சி

வழக்கு மன்றத்தில் சாட்சிகளை அழைக்கலாம். கடைத்தெருவில் நடந்த கொடுக்கல் வாங்கலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் சான்று பகர்வார். ஆனால் மனித நடமாட்டமே இல்லாத ஒரு மலையின் உச்சிக்கு ஒருவர் தனியே ஏறி இறங்கி வந்து, "நான் முடியைத் தொட்டேன்" என்று கூறினால், அவருக்குச் சாட்சி யார்?

இக்கேள்விக்கு மலையேறுவோர் கண்ட விடைதான் சிகரப் பதிவேடு. உச்சியில் குவித்த கற்களின் நடுவே ஓர் உலோகப் பெட்டி. அதனுள் ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். ஏறி வந்தவர் தம் பெயரையும் நாளையும் ஏறிய வழியையும் எழுதி, பெட்டியை முன்போலவே மூடிவைத்து இறங்குகிறார். அரபியில் தஃப்தர் என்போமே, அத்தகைய ஏடுதான் இதுவும். ஆயினும் இந்தத் தஃப்தருக்கு எழுத்தர் இல்லை, காவலர் இல்லை, பூட்டும் இல்லை.

ஏடு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் தேவை உணரப்பட்டது. 1492ஆம் ஆண்டு, பிரான்சு மன்னர் எட்டாம் சார்லஸின் கட்டளைப்படி அந்துவான் தெ வீல் என்பவர், செங்குத்தான சுவர்களையுடைய மோன் ஏகுய் என்னும் மலைமீது ஏணிகளையும் கயிறுகளையும் கொண்டு ஏறினார். ஏறியவர் உடனே இறங்கவில்லை. உச்சியிலேயே சில நாட்கள் தங்கி, கிரெநோபிள் நகரத்து நீதிமன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கண்டு சான்றளிக்க ஆள் அனுப்புமாறு கேட்டார். வந்த அலுவலர் ஏணிகளைப் பார்த்ததுமே ஏற அஞ்சினார். மேலே ஆட்கள் இருப்பதைக் கீழிருந்தே கண்டு திரும்பினார். அம்மலையில் மனிதர் மறுமுறை ஏறியது 1834ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 342 ஆண்டுகளாக அந்த ஏற்றத்தைக் காத்து நின்றது எழுத்துச் சான்றே.

மன்னரின் ஆணை பெற்றவர் அரசு அலுவலரைச் சாட்சிக்கு அழைக்கலாம். எளியவர் என்ன செய்வார்?

வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலை அலாஸ்காவில் உள்ளது. டெனாலி என்றும் மெக்கின்லி என்றும் இருபெயர் பெற்ற அதன் உயரம் 6,190 மீட்டர். 1906ஆம் ஆண்டில் அதன் உச்சியை அடைந்ததாக ஃபிரெடெரிக் குக் என்னும் மருத்துவர் அறிவித்தார்; உச்சியில் எடுத்ததென ஒரு நிழற்படத்தையும் நூலில் வெளியிட்டார். அவருடன் சென்ற துணைவரே 1909ஆம் ஆண்டில், தாங்கள் உச்சியை அடையவில்லை என்று ஆணையிட்டு வாக்குமூலம் தந்தார். அடுத்த ஆண்டு அங்குச் சென்ற வேறொரு குழுவினர், அந்தப் படம் எடுக்கப்பட்ட சிறு குன்றையே கண்டுபிடித்துவிட்டனர்.

அதே 1910ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் நால்வர் அம்மலைக்குச் சென்றனர். மலையேற்றத்தில் பயிற்சியற்ற அவர்களுள் இருவர் இரட்டை முடிகளுள் வடமுடியை ஏப்ரல் 3ஆம் நாள் அடைந்தனர். சுமந்து சென்ற 14 அடி நீள மரக்கம்பத்தை உச்சியருகே பாறையிடுக்கில் நட்டுத் திரும்பினர். ஆனால் குழுவின் தலைவர், தாம் உட்பட நால்வரும் இரு முடிகளையும் அடைந்ததாகச் சொல்லிவிட்டார். பொய் வெளிப்பட்டபோது உண்மையையும் எவரும் நம்பவில்லை. ஒருவர் சொன்ன பொய் இருவர் செய்த மெய்யை மூடிவிட்டது!

1913ஆம் ஆண்டு ஹட்சன் ஸ்டக்கின் குழுவினர் உயர்ந்த தென்முடியை நோக்கி ஏறினர். அக்குழுவிலிருந்த வால்ட்டர் ஹார்ப்பர் என்னும் அலாஸ்காப் பழங்குடி இளைஞரின் கண்ணில், வடமுடியருகே நின்ற கம்பம் பட்டது. தொலைநோக்கி கொண்டு ஏனையோரும் பார்த்தனர். மூன்றாண்டுகள் ஏளனத்துக்கு உள்ளான தொழிலாளர்களின் சொல்லுக்கு ஒரு மரத்துண்டு சாட்சியாயிற்று. எழுத்தறிவும் செல்வாக்கும் உடையவரின் நூல் பொய்த்தது. எளியவர் நட்ட கம்பம் பொய்க்கவில்லை.

சான்று கிடைக்காத இடத்தில் நேர்வதையும் நோக்குவோம். 1924ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற மல்லரியும் இர்வினும் திரும்பவில்லை. 1953ஆம் ஆண்டு உச்சியை அடைந்த ஹில்லரி, அவ்விருவரும் விட்டுச்சென்ற அடையாளம் ஏதேனும் உண்டா என்று தேடினார், ஒன்றும் இல்லை. 1999ஆம் ஆண்டில் மல்லரியின் உடல் கிடைத்தது. எனினும் அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்னும் வினாவுக்கு இன்றுவரை விடையில்லை.

ஆல்ப்ஸ் மலைகளில் ஏறியோர் தொடக்கத்தில் பெயர்ச் சீட்டைப் புட்டியிலிட்டுக் கற்குவியலுள் வைத்தனர். பின்னர் அங்குப் பல உச்சிகளில் ஏடு வைப்பது வழக்கமாயிற்று. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் அப்பணியை மேற்கொண்டது, 1892ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சியரா கழகம்.

அத்தொடரில் 1933ஆம் ஆண்டு ஆகஸ்டில் வால்ட்டர் ஸ்டார் என்னும் இளம் வழக்கறிஞர் தனியே சென்று காணாமற் போனார். குறித்த நாளில் தந்தையைச் சந்திக்க அவர் வரவில்லை. தேடச் சென்றவர்கள் சிகரம் சிகரமாக ஏறிப் பதிவேடுகளைப் புரட்டினர். பரந்த மலைக்காட்டில் ஒரு மனிதனின் காலடியைத் தொடர வேறென்ன வழி? ஏடு மட்டுமே அவரைக் காட்டிக் கொடுத்தது என்பது மிகையாகும். மற்றவர்கள் திரும்பிய பின்னும் தனியே தேடிய நார்மன் கிளைட் என்னும் முதிர்ந்த மலையேறி, ஆகஸ்ட் 25ஆம் நாள் மைக்கேல் மினரெட் என்னும் சிகரத்தின் சரிவில் அவரது உடலைக் கண்டார். அங்கேயே அவரை அடக்கம் செய்தனர். வெறும் பெருமைக்காக எழுதப்படுவதன்று இவ்வேடு என்பதை, மகனைத் தேடிய அந்தத் தந்தையின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறியவர் தம் பெயரோடு, அடுத்துச் செல்லவிருக்கும் திசையையும் குறிப்பது அதனாலேயே.

மனிதர் தடமே படாத மலையில் பெட்டி எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆயினும் பாறைமீது பெயரைச் செதுக்கும் கைகளுக்கு ஓர் ஏட்டைக் கொடுப்பது மலைக்குச் செய்யும் நன்மையே. கைக்கருவிகள் செயற்கைக்கோளின் துணையால் ஏறிய வழியைப் பதிவு செய்யும் இக்காலத்தில் ஏடு தேவையா என்போரும் உளர். கருவியின் பதிவு அதை வைத்திருப்பவருக்கு உரியது. ஏட்டின் பதிவோ அடுத்து வருபவருக்கு உரியது. முன்பின் அறியாத ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய வரிக்குக் கீழே நம் பெயரை எழுதும்போது, அவருக்கு நாமும் நமக்கு அவரும் சாட்சிகளாகிறோம்.

இத்தகைய ஏடுகளை ஈரமும் இடியும் அழிக்கின்றன. அவற்றைவிடக் கொடிது, பழைய கையெழுத்துகளுக்கு ஆசைப்பட்டு எடுத்துச் செல்லும் மனிதக் கை. நிறைந்துபோன பழைய ஏடுகள் பல இன்று பெர்க்லியிலுள்ள பேங்க்ராஃப்ட் நூலகத்தில் காக்கப்படுகின்றன. மலையின் ஏடு மலையிலேயே இருக்க வேண்டும் என்போர் இதை ஏற்பதில்லை. நம் கருத்து இதுவே: நிறைந்த ஏடு நூலகத்துக்குச் செல்லட்டும், அது சென்ற இடத்தை அறிவிக்கும் குறிப்போடு புதிய ஏடு உச்சியில் இருக்கட்டும். திருடிச் செல்பவர் எடுப்பது காகிதத்தை மட்டுமன்று. திரும்பி வராத ஒருவரைப் பற்றி அவர் குடும்பத்தாருக்குக் கிடைக்கக்கூடிய கடைசிச் செய்தியும் அதில் இருக்கலாம். காவலரற்ற அப்பெட்டி, ஏறி வரும் ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.