நாற்காலியில் அமர்ந்தவர் யார்? – கம்போடியா புகட்டும் பாடம்



ஓர் அரசே தன் மக்களைக் கொன்று குவிக்கும்போது அண்டை நாடு படையுடன் உள்ளே நுழையலாமா? இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் உளர். நம் வட்டாரத்தில் நிகழ்ந்த கம்போடிய வரலாற்றைப் படித்தபின் அவ்வாறு கூற என்னால் இயலவில்லை.

1975 ஏப்ரல் 17-ஆம் நாள் போல் போட் தலைமையிலான கெமர் ரூஜ் இயக்கம் நோம் பென் நகரைக் கைப்பற்றியது. நகர மக்கள் அனைவரும் வயல்வெளிகளுக்கு விரட்டப்பட்டனர். ஆசிரியர்கள் உள்ளிட்ட கற்றவர்கள் பகைவர்களாகக் கருதப்பட்டனர். தலைநகரின் உயர்நிலைப்பள்ளி ஒன்று துவோல் சுலெங் எனும் சித்திரவதைச் சிறையாயிற்று. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் 15 முதல் 20 இலட்சம் பேர் மாண்டனர்.

1978 டிசம்பர் 25-ஆம் நாள் வியட்நாம் பெரும்படையுடன் நுழைந்தது. 1979 ஜனவரி 7-ஆம் நாள் நோம் பென் வீழ்ந்தது. போல் போட் ஆட்சியும் கவிழ்ந்தது. ஆனால், மனிதநேயத்தைத் தன் படையெடுப்புக்குரிய காரணமாக வியட்நாம் முன்வைக்கவில்லை. 1978 ஏப்ரலில் பா சுக் எனும் எல்லைச் சிற்றூரில் கெமர் ரூஜ் படையினர் 3,000-க்கும் மேற்பட்ட வியட்நாமியரைக் கொன்றிருந்தனர். தற்காப்பையே அது காரணம் காட்டியது. வந்த படை 1989 வரை அகலவுமில்லை.

மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசியான் நாடுகள் இப்படையெடுப்பை வன்மையாகக் கண்டித்தன. அவற்றின் அச்சத்தில் நியாயம் உண்டு. வலிய நாடு அண்டை நாட்டின் அரசைக் கவிழ்க்கலாம் என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், நாளை அவ்விதி நம்மீதும் பாயும். இறைமை என்பது சிறிய நாடுகளுக்கு வேலி.

ஆனால், அவ்வேலி யாரைக் காத்தது? 1979-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 71-க்கு 35 என்ற வாக்குகளில் கம்போடியாவின் நாற்காலியைப் போல் போட் தரப்புக்கே வழங்கியது. சோவியத்து ஒன்றியத்தின் நண்பனான வியட்நாமை ஒடுக்க விரும்பிய சீனாவும் அமெரிக்காவும் அதனை ஆதரித்தன. 1982 ஜூன் 22-ஆம் நாள் நம் கோலாலம்பூரில் கெமர் ரூஜையும் உள்ளடக்கிய கூட்டணி அரசுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் வெளியுறவுப் பொறுப்பை ஏற்ற கியூ சம்பான், 2018-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற நீதிமன்றத்தால் இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. 1979-இல் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் மாநாடு கம்போடியாவின் இருக்கையை வெறுமையாக விட்டது. படையெடுப்பைக் கண்டிப்பது வேறு. கொலைகாரரைப் பலியானோரின் பேராளராக அமர்த்துவது வேறு. முன்னது கொள்கை, பின்னது நாட்டுநலன் அணிந்த கொள்கை வேடம் என்பதே என் துணிபு.

ஜனவரி 7 இன்று கம்போடியாவில் விடுமுறை நாள். சிலர் அதனை விடுதலை என்பர், சிலர் ஆக்கிரமிப்பு என்பர். பிள்ளைகளுக்கு இரண்டையும் எடுத்துரைப்போம். ஒரு நாடு மனிதநேயம் என்றோ இறைமை என்றோ முழங்கும்போது, "இதனால் மடிவோர் யார்? அவர்களுக்காகப் பேசுவோர் யார்?" என வினவ அவர்களைப் பழக்குவோம். அப்பழக்கம் வீட்டிலும் வகுப்பறையிலும் தொடங்கட்டும்.