பூட்டும் உழைப்பும்: வங்கிக் காவலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வங்கிகளின் வரலாற்றை எழுதியோர் மூலதனத்தின் திரட்சியையும் வட்டி வீதங்களின் ஏற்ற இறக்கத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், அம்மூலதனத்தைக் காத்து நின்ற பூட்டுகளையும் அவற்றைச் செய்த கம்மியரையும் பற்றி அவர்கள் கவனஞ் செலுத்தியது குறைவு. உடைமையாளர் யாரை நம்பினர், யாரை நம்ப மறுத்தனர் என்பதனைப் பூட்டுத் தொழிலின் வரலாறு தெளிவாகப் புலப்படுத்துகின்றது. இந்நோக்கிலேயே 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

இலண்டனில் யோசப் பிராமா 1784ஆம் ஆண்டிலே தமது பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உறுப்புகள் மிகத் துல்லியமாக அமைதல் வேண்டியிருந்தமையால், அவற்றைக் கையால் அராவிச் செய்தல் பெருஞ் செலவாயிற்று. இதற்குத் தீர்வு கண்டவர் 1789இல் அப்பட்டறையிற் சேர்ந்த என்றி மோட்சிலி என்னும் இளந் தொழிலாளி ஆவார். அவர் அமைத்த கருவிகளே அப்பூட்டினைப் பெருந்தொகையாகச் செய்ய வழிவகுத்தன. தம் பூட்டைத் திறந்து காட்டுவோருக்கு 200 கினி தருவதாகப் பிக்கடிலிக் கடைச் சாளரத்தில் அறிவித்த பிராமா, வாரக் கூலி 30 சிலிங்குக்கு மேல் வேண்டுமென 1797இல் மோட்சிலி கேட்டபோது மறுத்துவிட்டார். மோட்சிலி விலகித் தனிப் பட்டறை தொடங்கினார். அங்கு அவர் செம்மைப்படுத்திய திருகுவெட்டும் கடைசற்பொறி கைத்தொழிற் புரட்சியின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாயிற்று.

மோட்சிலியைப் போலத் தனித்து நிற்கும் வாய்ப்புப் பெற்றோர் மிகச் சிலரே. பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற வில்லன்ஹோல் என்னும் ஊரிலே, சிறுவயது முதல் அராவும் மேசைமீது குனிந்து நின்றமையாற் பலருக்கு முதுகு கூனியது. அயலார் அவ்வூரைக் கூனர் நாடு எனப் பொருள்படும் பெயரால் எள்ளினர். சிறுவர் தொழில் பற்றிய அரச ஆணைக்குழுவின் சார்பில் றிச்சாட் ஹோர்ன் அளித்த சான்றுகள், அங்கு பயிலும் சிறுவர் சம்மட்டிக் காம்பாலும் அரத்தாலும் அடிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் இச்சான்றுகளை எடுத்தாண்டுள்ளார். செல்வர் வீட்டு உடைமையைக் காத்த பூட்டு, அதனைச் செய்தவனின் முதுகெலும்பைக் காக்கவில்லை.

1818இல் யெரமையா சப் காப்புரிமை பெற்ற பூட்டு, கள்ளத் திறவுகோல் நுழைக்கப்பட்டதை உடையவருக்கு உணர்த்தும் பொறியினைக் கொண்டிருந்தது. 1851இல் இலண்டனிற் பெருங் கண்காட்சி நடைபெற்றபோது, அமெரிக்கரான ஆல்பிரட் ஹொப்ஸ் அப்பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். பின்னர் பிராமாவின் பூட்டையும் 16 நாட்களிற் பரந்த 51 மணிநேர உழைப்பால் திறந்து 200 கினியைப் பெற்றார். பூட்டின் குறைகளை வெளியிடுதல் கள்வருக்குத் துணைபோவதாகும் எனச் சிலர் குறை கூறினர். கள்வர் அவற்றை முன்னரே அறிவர், அறியாதோர் பூட்டை வாங்குவோரே என்பது ஹொப்ஸின் நிலைப்பாடு. அறிவை மறைப்பதால் நன்மையடைவோர் யாவர் என்னும் இவ்வினா பூட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

இதன்பின் வங்கிகளிற் பரவிய எண் பூட்டு திறவுகோலை ஒழித்தது. ஆயின், திறக்கும் இரகசியம் ஊழியரின் நினைவிற் குடியேறியது. அதனால் கொள்ளையர் பூட்டை விடுத்து ஊழியரை நாடினர். 1876 சனவரியில் மசச்சூசெட்ஸ் மாநிலத்து நோர்த்தாம்ப்ரன் வங்கியின் காசாளர் தம் வீட்டிலேயே கட்டப்பட்டு, வதைக்கப்பட்டு, எண்களை வெளியிட நேர்ந்தது. பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணமும் பத்திரங்களும் களவாயின.

இதற்கு மாற்று அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. யேம்ஸ் சார்ஜன்ற் 1873இல் உருவாக்கிய நேரப் பூட்டு, 1874இல் இலினோய் மாநிலத்து மொறிசன் நகர வங்கியொன்றிற் பொருத்தப்பட்டது. கதவின் உட்புறத்துக் கடிகாரம் குறித்த நேரத்தை அடையும்வரை எவரும் அதனைத் திறக்க இயலாது. கடிகாரம் நின்றால் வங்கியும் நின்றுவிடும் என்னும் அச்சம் இருந்தது. எனவே ஒரே பூட்டில் இரண்டு அல்லது மூன்று கடிகாரங்கள் வைக்கப்படலாயின. அவை யாவும் நின்றுபோகுமாயின், துளையிட வேண்டிய இடத்தைத் துல்லியமாக அறிந்த கம்மியனே வரவழைக்கப்பட்டான்.

நேரப் பூட்டு ஊழியர் மீதான அவநம்பிக்கையின் வெளிப்பாடு எனலாம். எனினும், ஊழியரை வதைத்து எண்களை அறிந்தாலும் குறித்த நேரத்துக்கு முன் கதவைத் திறக்க இயலாமையால், அதுவே ஊழியரின் உயிருக்கும் காவலாயிற்று. உடைமையைக் காக்கப் பிறந்த கருவி உழைப்பவரையும் காத்தது உடைமையாளரின் இரக்கத்தாலன்று. ஆதலின், தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் கருவி எதனைக் காத்தது என்பதோடு, யாரைக் காத்தது, யாரைக் கூனச் செய்தது என்பவற்றையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.